ஐஸ் காப்பிக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு

சூடான ஃபில்டர் காப்பியில் ஐஸ் கட்டியைப் போட்டுக் கலக்கினால் ஐஸ் காப்பி வந்துவிடும் என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறோம். வருவது என்னவோ காப்பி வாசனை அடிக்கும் சில்லுத் தண்ணீர். குளிர்ச்சி போதவில்லை என்று இன்னும் ரெண்டு கட்டி போட்டால் இன்னும் நீர்த்துப்போகும். டிகாஷனைக் கூட்டினால் கசக்கிறது, சர்க்கரையைக் கூட்டினால் திகட்டுகிறது. எங்கள் வீட்டில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “ஏங்கண்ணு, இதக் குளுதாடில ஊத்துனா மாடு குடிக்குமா?” என்று கேட்டார். குளுதாடி என்பது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி. மாடும் யோசிக்கும் என்றுதான் எனக்கும் பட்டது.

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில். மாசி முடிவதற்குள் வெயில் உறைக்க ஆரம்பித்துவிடும். பங்குனி, சித்திரையில் மதியம் மூணு மணிக்குச் சூடாக எதையும் வாயில் வைக்க மனசு வராது. அதே மூணு மணிக்குக் காப்பி இல்லாமலும் முடியாது. கோயமுத்தூர் பக்கம் போனால் கடைகளில் கோல்டு காப்பி என்று ஒன்று கொடுப்பார்கள். ஐஸ்கிரீமையும் பாலையும் மிக்ஸியில் அடித்து, காப்பித்தூளை ஒப்புக்குக் காட்டியிருப்பார்கள். அது மில்க் ஷேக். எனக்கு வேண்டியது நம் டிகாஷன் காப்பியின் கசப்பும் மணமும் அப்படியே இருந்து, சூடு மட்டும் இல்லாத ஒன்று. அதற்காக இந்தக் கோடையில் சமையலறைத் தராசையும் சமையல் தெர்மாமீட்டரையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் இறக்க அதிலிருந்து ஒரு கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஃப்ரீஸரிலிருந்து மைனஸ் 15 டிகிரியில் வரும் ஐஸ் முதலில் பூஜ்யத்துக்கு ஏறவும், உருகிய பிறகு 5 டிகிரி வரைக்கும் சூடேறவும் இன்னும் ஒரு 12 கலோரி எடுத்துக்கொள்ளும். ஆக ஒரு கிராம் ஐஸ் மொத்தம் 92 கலோரி தாங்கும். 80 டிகிரியில் இருக்கும் 100 கிராம் காப்பியை 5 டிகிரிக்குக் கொண்டுவர 7,500 கலோரி எடுக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 81 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். அதாவது லோட்டாவில் கிட்டத்தட்ட பாதி, ஐஸ் உருகின தண்ணீர்தான்.

அதே காப்பி 30 டிகிரிக்கு ஆறியபிறகு ஐஸ் போட்டால் 27 கிராம் உருகினால் போதும். ஃப்ரிட்ஜில் வைத்து 8 டிகிரிக்கு இறக்கியிருந்தால் மூணு, மூணரைக் கிராம். 

இந்த மூணு எண்களையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். மீதி செய்ததெல்லாம் இதிலிருந்துதான். சூட்டை இறக்கும் வேலையை ஐஸிடம் கொடுக்கக் கூடாது. இறங்கிய சூட்டை மறுபடி ஏறாமல் பிடித்து நிறுத்துவதுதான் ஐஸின் வேலை. அதற்கு மேலும் கொஞ்சம் தண்ணீர் உருகி வரத்தான் செய்யும். அந்த அளவுத் தண்ணீரைப் பாலிலிருந்தும் டிகாஷனிலிருந்தும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். 

சரி, சூட்டை எப்படி இறக்குவது? கொதிக்கக் கொதிக்க எதையும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளக் கூடாது. உள்ளே இருக்கும் மற்ற சாமான் எல்லாம் சூடாகி, கம்ப்ரஸர் மூச்சு வாங்கும். நம் பக்கத்துக்கு இருக்கவே இருக்கிறது மண்பானை. காற்றில் ஈரம் குறைவு என்பதால் பானையின் மேல் கசியும் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம் 580 கலோரிக்குப் பக்கம்; ஒரு கிராம் ஐஸ் உருகுவதைவிட ஏழு மடங்கு. கரண்ட் செலவும் கிடையாது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது இந்த அளவுக்கு வேலை செய்யாது. அங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்.

நான் செய்வது இதுதான். அகலமான வட்டலில் பானைத் தண்ணீரை ஊற்றி, அதில் டிகாஷன் இருக்கும் எவர்சில்வர் போசியை வைப்பேன். எவர்சில்வரின் தகடு மெல்லிசு என்பதால் சூடு சீக்கிரம் வெளியே போகும். அடிகனமான பாத்திரம் இதற்கு ஆகாது. அவ்வப்போது கரண்டியால் ஒரு கலக்கு. தண்ணீர் வெதுவெதுப்பானதும் அதை வாசலில் இருக்கும் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டு வேறு மாற்றுவேன். பாலுக்கும் இதே முறைதான். பால் போசிக்கு மேல் ஈரத்துணி சுற்றி, ஜன்னல் திண்டில் காற்றுக்கு வைத்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வாங்கும் நாளில் இது நன்றாகவே வேலை செய்யும். அந்த மாசத்தில் ஐஸ் காப்பி யாருக்கு வேண்டும் என்பது வேறு விஷயம். அறைச் சூட்டுக்கு வந்தபிறகு மூடி போட்டு ஃப்ரிட்ஜுக்குள். பாலை மட்டும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது; சித்திரை வெயிலில் பால் திரிவதற்கு அதுவே தாராளம்.

அடுத்தது டிகாஷன். ரெண்டு பேருக்கு 30 கிராம் தூள், 150 மில்லி கொதிநீர். தூள் தன் எடையைப் போல் ஏறத்தாழ ரெண்டு மடங்கு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதனால் 60 மில்லி தூளோடு நின்றுவிட, கீழே இறங்குவது 90 மில்லி. கரண்டியில் எடுத்துப் பார்த்தால் ஒட்ட வேண்டும். சூடான காப்பிக்குப் போடுவதைவிட இது கூடுதலான தூள்தான். சிக்கனம் பார்த்தால் ஐஸ் காப்பி வராது. குளிர்ந்த பானத்திலிருந்து மணம் மேலே எழும்பாது; மூக்குக்குப் போகிற பங்கு குறைந்துவிடுவதால் நாக்குக்குப் போகிற பங்கைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

தூள் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். கொங்குச் சமவெளியில் காப்பி விளையாது. ஆனால் அதன் ஓரங்களில் ஏறினால் விளையும். நீலகிரி, ஆனைமலை, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை, கொல்லிமலை என்று நாலு பக்கமும் காப்பித் தோட்டம். அதனால் நம் ஊர்களில் கொட்டையை வறுத்துக் கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் கடை ஒன்றாவது இருக்கும். அங்கே போய் “ஐஸ் காப்பிக்கு” என்று கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் கேட்பது: பீபெரி பாதி, ரொபஸ்டா பாதி, சிக்கரி நூற்றுக்கு இருபது. பீபெரி என்பது தனி ரகமல்ல. ஒரு காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக ரெண்டு கொட்டை தட்டையான முகத்தோடு ஒட்டி இருக்கும். சில பழங்களில் ஒன்றுதான் வளர்ந்து உருண்டையாக இருக்கும். அதைப் பொறுக்கித் தனியாக விற்பது பீபெரி. 

காப்பியில் பெரும்பாலும் விளைவது அராபிகா, ரொபஸ்டா என்ற ரெண்டு இனம். சூடான காப்பிக்கு ரொபஸ்டாவைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. ஐஸ் காப்பியில் அதன் முரட்டுக் கசப்புதான் காப்பாற்றுகிறது. அராபிகா மட்டும் போட்டுப் பார்த்தேன். சூட்டில் அத்தனை மணமாக இருந்த தூள், குளிர்ந்த பாலுக்குள் போனதும் இருக்கிற இடம் தெரியாமல் போய்விட்டது. ஆனால் ரொபஸ்டாவில் கஃபீன் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாயங்காலக் காப்பிக்கே ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறவர்கள் அதை முக்கால்வாசி குறைத்துக்கொள்ளலாம்.

சிக்கரியைப் பற்றி ஆளுக்கொரு கட்சி. அது ஒரு செடியின் வேர், வறுத்து அரைப்பது. கஃபீன் கிடையாது. டிகாஷனுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் கொடுக்கும். குளிரில் காப்பி மெலிந்து தெரிவதால் 20 சதவீதம் சிக்கரி இருப்பது நல்லதுதான் என்பது என் முடிவு. நாற்பதுக்குப் போனால் வெல்லம் கருகின மாதிரி ஒரு ருசி மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பாக்கெட்டில் வாங்குகிறவர்கள் பின்பக்கம் பார்த்து வாங்கவும்: சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கவும் வேண்டும். 51-க்கு 49 என்று போட்டிருந்தால் அதை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கெல்லாம் போடுவது வீண்வேலை.

தண்ணீர். இது எங்கள் பக்கத்துத் தலைவலி. கோயமுத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீரில் காப்பி போட்டுக் குடித்துவிட்டு, தூள்தான் காரணம் என்று பெருமை பேசுவார்கள். எங்களுக்கு ரெண்டு தண்ணீர்: குழாயில் வரும் நல்ல தண்ணி, போரில் வரும் உப்புத் தண்ணி. ஆயிரம் அடி போர்த் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் அதிகம். பைகார்பனேட் காப்பியில் இருக்கும் புளிப்பை அடித்துவிடும். புளிப்பு போனால் காப்பி மொட்டையாகத் தெரியும், சுண்ணாம்பு மாதிரி ஒரு வறட்சி நாக்கில் நிற்கும். ரெண்டு தண்ணீரிலும் ஒரே தூளைப் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீட்டில் இருந்தவர்களிடம் கொடுத்தேன். எது எது என்று சொல்லாமலே எல்லாரும் நல்ல தண்ணிக் காப்பியைத்தான் எடுத்தார்கள். ஆர்.ஓ. தண்ணீரும் பரவாயில்லை, ஆனால் அதில் தாதுக்களே இல்லாத அளவுக்கு வடிகட்டியிருந்தால் காப்பி கொஞ்சம் சப்பென்று இறங்கும். ஆர்.ஓ.வில் கால் பங்கு குழாய்த் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சியது நன்றாக இருந்தது. 

உப்புத் தண்ணீரின் இன்னொரு சேட்டை, ஃபில்டரின் ஓட்டைகளை அடைப்பது. உப்புப் படிந்து, அதன்மேல் காப்பி எண்ணெய் ஒட்டி, அதன்மேல் நைசுத் தூள் இறுகிப்போனால் டிகாஷன் மணிக்கணக்காகச் சொட்டும். கட்டியான டிகாஷன் வேண்டுமென்று தூளைக் கூட்டும்போது இது இன்னும் மோசம். ஊசி வைத்துக் குத்துகிறவர்கள் உண்டு. ஓட்டை பெரிசாகித் தூள் கீழே இறங்கும், வேண்டாம். மேல் பாத்திரத்தை நன்றாகக் காயவைத்து, இடுக்கியில் பிடித்து, அடிப்பக்கத்தை அடுப்புத் தணலில் கொஞ்ச நேரம் காட்டினால் எண்ணெயும் தூளும் கருகிப் பொடியாகும். ஆறினபிறகு பழைய பல் பிரஷ் போட்டுத் தேய்த்தால் உதிர்ந்துவிடும். மிச்சமிருக்கும் வெள்ளை உப்புக்கு வினிகரும் வெந்நீரும் சமமாகக் கலந்து அரைமணி ஊறவைத்தால் போதும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் எல்லா ஓட்டையும் தெரிய வேண்டும். இதெல்லாம் எவர்சில்வர் ஃபில்டருக்கு. பித்தளை ஃபில்டரைத் தீயில் காட்டாமல் புளி போட்டுத் தேய்ப்பதே நல்லது.

தூளைப் போட்டு, காம்பு வைத்த தட்டை லேசாக அமுக்கி, முதலில் ரெண்டு கரண்டி கொதிநீர் மட்டும் விட்டு அரை நிமிஷம் ஊறவிட வேண்டும். பிறகு மீதியை ஊற்றி மூடிவிட்டால், அரைமணியிலிருந்து முக்கால்மணியில் இறங்கிவிடும். அமுக்கிப் பிழிகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தட்டை முரட்டுத்தனமாக அமுக்கினால் இறங்கவே இறங்காது.

சர்க்கரையை இந்த இடத்திலேயே சேர்த்துவிட வேண்டும். டிகாஷன் சூடாக இருக்கும்போதே 90 மில்லிக்கு 25 கிராம் போட்டுக் கரைத்துவிடுவேன். குளிர்ந்த பாலில் சர்க்கரையைப் போட்டால் கரைவதற்குள் பொழுது விடிந்துவிடும். அடியில் தங்கி, கடைசி மடக்கில் பல்லில் கடிபடும். சர்க்கரைப் பாகு காய்ச்சி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள் சிலர். சமபங்குப் பாகில் பாதி தண்ணீர்தானே? ஐஸ் தண்ணீரைக் குறைக்க இவ்வளவு பாடுபட்டுவிட்டு, பாகு வழியாக மறுபடி தண்ணீரை உள்ளே விடுவானேன்? சூடான காப்பிக்குப் போடுவதைவிட ஒரு கால் பங்கு கூடுதலாகப் போடுங்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். வீட்டில் சர்க்கரை நோய்க்காரர் இருந்தால் அவருக்கான டிகாஷனை முன்னாடியே தனியாக எடுத்துவைத்துவிட வேண்டும். 

கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையையும் போட்டுப் பார்த்தேன். பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் வாங்குகிறார்கள், காப்பிக்கு ஆகாதா என்று ஒரு நினைப்பு. ஆகும், ஆனால் பாதிக்கு மேல் ஆகாது. அதன் மணம் பெரிசு. முழுக்க அதையே போட்டால் காப்பி பின்னால் போய்விடும். பாதி வெள்ளை, பாதி நாட்டுச் சர்க்கரை நல்ல சேர்க்கை. கொதிக்கும் பாலில் நாட்டுச் சர்க்கரை போட்டால் சில சமயம் திரிந்துவிடும் என்று பயப்படுவோம். இங்கே அது டிகாஷனில் கரைந்து, ஆறி, குளிர்ந்த பாலோடுதான் சேர்கிறது. அதனால் அந்தத் தொல்லை வரவில்லை. கருப்பட்டி சுக்குக் காப்பிக்கு. அதை அங்கேயே விட்டுவிடுவது மரியாதை.

பாலில்தான் பெரிய லாபம். பால் என்பதே நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர். கொஞ்சம் சுண்டக் காய்ச்சினால் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி போய்விடும். ஐஸ் உருகி அதே இடத்தை நிரப்பும்போது காப்பி பழைய பதத்துக்கு வந்துசேரும். 500 மில்லிப் பாலைச் சின்னத் தீயில் வைத்து 420 மில்லிக்குக் கொண்டுவருகிறேன். எடை பார்த்துக்கொண்டே இருந்தால் சரியான இடத்தில் நிறுத்தலாம். தராசு இல்லாதவர்கள் மரக்கரண்டிக் காம்பில் ஒரு கோடு போட்டுக்கொண்டு பார்க்கலாம். 350 வரைக்கும் விட்டும் பார்த்தேன். பால்கோவா மணம் தூக்கலாக வந்துவிட்டது, ருசியாகத்தான் இருந்தது, ஆனால் அது காப்பி இல்லை.

எந்தப் பால்? எருமைப் பாலில்தான் காப்பி என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது சூடான காப்பிக்குச் சரி. குளிரும்போது கொழுப்பு உறைந்து, துணுக்குத் துணுக்காக மேலே மிதந்து, குடித்தால் மேலண்ணத்தில் ஒட்டும். ஆவின் பாக்கெட்டில் சொல்வதானால் ஆரஞ்சில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. மூன்றில் பச்சைதான் எனக்குப் பொருந்தியது. சுண்டக் காய்ச்சுவதால் அதுவே ஐந்தைத் தாண்டிவிடும். நீலப் பாக்கெட்டில் நுரை நன்றாக வரும், கெட்டித்தன்மை இருக்காது. எதுவானாலும் ஆறும்போது கட்டும் ஆடையை எடுத்துவிட்டு, வடிகட்டியில் ஒரு முறை ஊற்றி எடுக்க வேண்டும். எடுத்த ஆடை யாருக்கு என்பதில் எங்கள் வீட்டில் தினமும் ஒரு பஞ்சாயத்து.

இனி ஐஸ். வெறும் தண்ணீரை உறையவைப்பதற்குப் பதிலாக டிகாஷனையே உறையவைத்தால் உருகினாலும் நீர்க்காதே என்று யாருக்கும் தோன்றும். செய்து பார்த்தால் கட்டி உருக உருகக் கசப்பு ஏறி, கடைசி மடக்கு மருந்து குடிப்பது போலாகிவிடுகிறது. பாலை உறையவைத்தால் உருகும்போது மணல் மணலாகப் பிரிகிறது. ரெண்டுக்கும் நடுவில் கிடைத்த வழி, இரண்டாவது டிகாஷன். முதல் டிகாஷன் இறங்கியபிறகு அதே தூளில் 200 மில்லி கொதிநீர் ஊற்றினால் இளம் நிறத்தில் ஒன்று இறங்குமே, அதுதான். காலையில் லேட்டாக எழுந்திருப்பவர்கள் தலையில் கட்டுவோம், இல்லையென்றால் கொட்டுவோம். அதை ஆறவைத்து ஐஸ் தட்டில் ஊற்றிவிட்டால், உருகும்போது வருவது வெறும் தண்ணீரும் அல்ல, கசப்பும் அல்ல. சர்க்கரை மட்டும் அதில் போடாதீர்கள். இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். முந்தின நாள் காப்பியில் மிஞ்சிய தூளிலிருந்தே இதை எடுத்து உறையவைத்துவிடலாம்.

ஐஸ் தட்டுக்கு மூடி அவசியம். ஃப்ரீஸரில் என்ன வாசனை இருந்தாலும் ஐஸ் அதைப் பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வாங்கி வைத்த மீன் செவ்வாய்க்கிழமைக் காப்பியில் எட்டிப் பார்க்கும். இன்னொன்று, ஐஸை வெளியே எடுத்து வைத்துவிட்டு மற்ற வேலை பார்க்கக் கூடாது. ஈரம் கோத்து வழவழவென்று இருக்கும் ஐஸ் தன்னோடு தண்ணீரைக் கொண்டுவரும். ஃப்ரீஸரிலிருந்து நேரே லோட்டாவுக்குப் போக வேண்டும், விரலில் ஒட்டும் பதத்தில். பொடித்த ஐஸ் சீக்கிரம் உருகும். பெரிய கட்டியாக இருந்தால் மேல்பரப்பு குறைவு, மெதுவாக உருகும். சின்னக் கிண்ணியில் உறையவைத்த ஒற்றைக் கட்டி பார்க்கவும் அழகு. மீன் பெட்டிக்குப் போடும் பாளம் ஐஸை மட்டும் உடைத்துக் காப்பியில் போட்டுவிடாதீர்கள், அது குடிக்கச் செய்தது அல்ல.

கலக்குவது எளிது. குளிர்ந்த டிகாஷன் 45 மில்லி, குளிர்ந்த பால் 110 மில்லி. ஆற்றி நுரை கட்டுவதற்கு இங்கே டபராவும் லோட்டாவும் உதவாது. தூக்கித் தூக்கி ஆற்றினால் வெளிக்காற்றின் சூடுதான் உள்ளே ஏறும். திருகு மூடி போட்ட எவர்சில்வர் பாட்டிலில் ரெண்டையும் ஊற்றி, ஒரு கட்டி ஐஸ் போட்டு, இருபது எண்ணும்வரை குலுக்கினால் விரல் உயரத்துக்கு நுரை நிற்கும். தூக்குப்போசியில் முயற்சி செய்ய வேண்டாம். அதன் மூடி குலுக்கலுக்குத் தாங்காமல் சுவரெல்லாம் காப்பி ஆகும். மிக்ஸியில் ஐஸோடு அடிப்பதும் வேண்டாம், பொடிந்த ஐஸ் மொத்தமும் தண்ணீராகிவிடும். லோட்டாவில் மூணு நாலு கட்டி போட்டு அதன்மேல் ஊற்றினால் முடிந்தது. எவர்சில்வர் லோட்டா கைச்சூட்டை நேரே உள்ளே அனுப்பும் என்பதால் கனமான கண்ணாடி டம்ளரே நல்லது. அதற்குள் சூடான எதையும் ஊற்றாமல் இருக்க வேண்டும், விரிசல் விடும்.

அப்புச்சிக்கு மறுபடி கொடுத்தேன். “ஆறுன காப்பிக்கு இத்தன வேலையா?” என்றார். “குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங் அப்புச்சி,” என்றேன். குடித்தார். நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார். லோட்டாவில் ஐஸ் மட்டும்தான் மிச்சமிருந்தது.

தூளைச் சூடு காட்டாமல் குளிர்ந்த தண்ணீரிலேயே ராத்திரி முழுக்க ஊறப்போடும் முறையும் உண்டு, கோல்டு ப்ரூ என்பார்கள். ஒரு பங்கு தூளுக்கு எட்டுப் பங்கு நல்ல தண்ணீர், ஃப்ரிட்ஜில் 12 முதல் 16 மணி நேரம். இதற்கு ஃபில்டர் தூள் ஆகாது. ரவை பதத்துக்குக் கொரகொரவென்று, சிக்கரி இல்லாமல் தனியாக அரைத்து வாங்க வேண்டும். நைசுத் தூளையும் சிக்கரியையும் போட்டால் துணியில் வடிகட்டும்போது அடைத்துக்கொண்டு குழம்பலாக நிற்கும். துவைத்துத் துவைத்து மெலிந்துபோன வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுவது நல்ல வழி. புதுத் துணியில் கஞ்சி வாசனை இருக்கும். வருகிற டிகாஷனில் கசப்பும் புளிப்பும் குறைவு, வழுவழுவென்று இறங்கும். பாலோடு சேர்த்தால் எனக்குப் பிடிக்கவில்லை, பால் அதை அமுக்கிவிடுகிறது. ஆனால் பொள்ளாச்சி இளநீர் ஒன்றை வெட்டி, தண்ணீரை ஃப்ரிட்ஜில் வைத்து, ரெண்டு பங்கு இளநீருக்கு ஒரு பங்கு இந்தக் கோல்டு ப்ரூ விட்டுக் குடித்தால், சர்க்கரையும் வேண்டாம், பாலும் வேண்டாம். வழுக்கையைச் சீவி மேலே போடலாம். முத்தின காயின் தண்ணீர் இதற்குச் சேராது. 

ஒறம்பரை (விருந்தாளிகள்) வரும் நாளுக்கு அளவு கேட்டார்கள். இருபது பேருக்கு 300 கிராம் தூள், ஒன்றரை லிட்டர் கொதிநீர். டிகாஷன் 900 மில்லி வரும். வீட்டு ஃபில்டரில் இது முடியாது, சமையல்காரர்கள் பயன்படுத்தும் துணிப் பையில் எடுக்க வேண்டும். சர்க்கரை 250 கிராம், சூட்டிலேயே. பால் இரண்டே முக்கால் லிட்டர் வாங்கி 2.3 லிட்டருக்குச் சுண்டவைப்பது. ஐஸ் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். வீட்டு ஃப்ரீஸரில் ஒரே நாளில் அவ்வளவு உறையாது என்பதால் முந்தின நாளே ஆரம்பித்து, உறைந்ததை மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டும். பாலையும் டிகாஷனையும் தனித்தனியாக ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, ஆள் உட்கார்ந்தபிறகு கலக்கவும். டிகாஷன் ரெண்டு நாள் வரை தாங்கும், ஆனால் மறுநாளே மணம் பாதி போய்விடும். கலந்துவிட்ட காப்பியை மறுநாளைக்கு வைக்காதீர்கள். சாயங்காலம் மிஞ்சினால் குச்சி ஐஸ் அச்சில் ஊற்றி ஃப்ரீஸருக்குள் தள்ளிவிடலாம், பெரியவர்களுக்கு மட்டும். இந்த டிகாஷனைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் தூங்க முடியாது.